குழாய்க்கும் மீன்தொட்டிக்கும் நடுவே ஒரு டிரம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டு மீன்தொட்டிகளுக்குத் தானாக நீர் மாற்றும் அமைப்பைப் பற்றித் தங்கள் வார இணைப்பில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். ஞாயிறுதோறும் வாளியும் ரப்பர் குழாயுமாக அல்லாடுகிறவர்களுக்கு அது ஆறுதலாகவே இருந்திருக்கும். ஆனால், தெருக்குழாய் இணைப்பிலிருந்து ஒரு மின்வால்வு வழியாக நேரே தொட்டிகளுக்குக் குழாய் இழுத்து, டைமரைப் பொருத்திவிட்டால் வேலை முடிந்தது என்று அதில் சொல்லியிருக்கும் வழி, காவிரி டெல்டாவில் இருக்கும் எங்களுக்குப் பொருந்தாது. மயிலாடுதுறையில் வசிக்கும் நான், பள்ளியில் வேதியியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். முன்னறையில் ஓர் இரும்பு ஸ்டாண்டில் மூன்றடித் தொட்டிகள் ஐந்தை வைத்து, சொட்டுநீர் முறையில் நீர் மாற்றி வருகிறேன். குழாய்க்கும் தொட்டிக்கும் நடுவே நீர் தங்கி ஆறுவதற்கு ஒரு டிரம் இல்லாமல் எந்தத் தானியங்கி அமைப்பையும் இப்பகுதியில் நிறுவக் கூடாது என்பதே நான் சொல்ல வந்தது.

நீரை ஏன் மாற்ற வேண்டும் என்பதைக் கட்டுரையாளர் சரியாகவே விளக்கியிருந்தார். மீன் தன் செவுள் வழியே வெளியேற்றுவதும், எஞ்சிய இரையும் கழிவும் அழுகுவதும் அம்மோனியாவாகின்றன. வடிகட்டியில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. அந்த நைட்ரேட்டை வெளியேற்ற, செடிகள் அடர்ந்த தொட்டியைத் தவிர, நீர் மாற்றுவதைக் காட்டிலும் எளிய வழி இல்லை. அவர் சொல்லாமல் விட்ட கணக்கு ஒன்று உண்டு. வாரம் ஒருமுறை பாதி நீரை மாற்றுகிறவரின் தொட்டியில், நாளடைவில், நீர் மாற்றுவதற்குச் சற்று முன்பு 14 நாள் சேரும் அளவுக்கு நைட்ரேட் இருக்கும். மாற்றியவுடன் அது 7 நாள் அளவுக்கு இறங்கும். மறுவாரம் மீண்டும் 14 நாள் அளவுக்கு ஏறும். நாள்தோறும் பத்தில் ஒரு பங்கு நீரைச் சொட்டுச் சொட்டாக விடுகிறவரின் தொட்டியிலோ அது ஏறத்தாழ 10 நாள் அளவிலேயே நின்றுவிடும். ஏற்ற இறக்கம் இல்லாத அந்த நிலைதான் மீனுக்கு நல்லது. இதற்கு ஒரு விலையும் உண்டு. புதுநீர் பழைய நீரோடு கலந்து, அதில் ஒரு பகுதியும் சேர்ந்தே வழிந்துவிடுவதால், வாரத்துக்குத் தொட்டியின் கொள்ளளவில் 70 விழுக்காடு நீர் விட்டாலும் உண்மையில் பாதிப் பழைய நீர்தான் வெளியேறியிருக்கும். என் ஐந்து தொட்டிகளுக்கு வாளி முறையில் வாரம் 225 லிட்டர் போதும்; சொட்டு முறையில் 315 லிட்டர் ஆகிறது. கூடுதலாகச் செலவாகும் 90 லிட்டரும் வீணாகாதபடி என்ன செய்யலாம் என்பதைப் பின்னர் சொல்கிறேன்.

இனி, குழாயை நேரே இணைப்பது ஏன் கூடாது என்பதற்கு வருகிறேன். குடிநீருக்கான இந்தியத் தரநிர்ணயமான ஐ.எஸ். 10500, வீட்டுக் குழாய்க்கு வந்து சேரும் நீரில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருக்க வேண்டும் என்றும், வைரஸ் தொற்றிலிருந்து காக்க வேண்டிய காலத்தில் குறைந்தது 0.5 மில்லிகிராம் இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. நம் குடலைக் காப்பதற்கு அது மிகவும் தேவையானது. ஆனால், மீனின் செவுளைப் புண்ணாக்க அந்தக் குறைந்தபட்ச அளவே போதும். வடிகட்டியில் இருக்கும் பாக்டீரியாக்களுக்கும் அது நல்லதன்று. கொஞ்சம் கொஞ்சமாகத்தானே விடுகிறோம், தொட்டி நீரில் கலந்து நீர்த்துப் போய்விடாதா என்று கேட்கலாம். சாதாரண நாள்களில் பெரும்பாலும் நீர்த்துத்தான் போகிறது. அந்த நம்பிக்கையில்தான் பலரும் நேரடி இணைப்பு கொடுத்துவிட்டு நிம்மதியாக இருக்கிறார்கள். ஆனால், எங்கள் பகுதியில் எல்லா நாள்களும் சாதாரண நாள்கள் அல்ல.

டெல்டா நகரங்கள் பலவற்றுக்கும் குடிநீர், கொள்ளிடத்துப் படுகையிலிருந்து எடுத்து வரப்படுகிறது. மேட்டூர் நிரம்பிக் கொள்ளிடத்தில் உபரி நீர் பாயும் காலத்தில் கலங்கல் கூடுகிறது. கலங்கல் கூடினால் குளோரின் அதில் விரைவில் செலவாகிவிடும் என்பதால், கூடுதலாகப் பிளீச்சிங் பவுடர் சேர்க்க நேர்கிறது. மழைக்காலத்தில் வயிற்றுப்போக்கு பரவினாலும் அவ்வாறே செய்கிறார்கள், செய்யத்தான் வேண்டும். கோடையில் ஆறு வறண்டு கிடக்கும்போது, நீரில் கரைந்த உப்பின் அளவு மாறுகிறது. குழாய் நீர் போதாத வீடுகளில் ஆழ்துளைக் கிணற்று நீரையும் அதே மாடித் தொட்டியில் ஏற்றிக் கலந்துகொள்வது ஊர் வழக்கம். கிழக்கே தரங்கம்பாடி, பூம்புகார் பக்கம் போனால் நிலத்தடி நீரின் உவர்ப்பு நாவிலேயே தெரியும். சீர்காழிக்கு அப்பால் கொள்ளிடத்தின் முகத்துவாரத்தை ஒட்டிய பகுதிகளிலோ கடல்நீர் உள்ளேறிய ஊர்கள் உண்டு. ஆக, ஒரே வீட்டின் ஒரே குழாயில் ஆடியில் வரும் நீர் வேறு, சித்திரையில் வரும் நீர் வேறு. வால்வைத் திறந்து மூடும் டைமருக்கு இந்த வேறுபாடு தெரியாது.

அதற்குத்தான் டிரம். நான் 200 லிட்டர் பிளாஸ்டிக் டிரம் இரண்டை மாடியில் வைத்திருக்கிறேன். ஒன்று தொட்டிகளுக்குச் சொட்டிக்கொண்டிருக்கும்போது மற்றொன்று நிரம்பி ஆறிக்கொண்டிருக்கும். சிறிய காற்று மோட்டார் ஒன்றால் ஒரு நாள் முழுவதும் குமிழி விட்டால், சாதாரண அளவில் இருக்கும் குளோரின் வெளியேறிவிடும். நீரில் அம்மோனியா கலந்திருந்து, அதனோடு குளோரின் சேர்ந்து குளோரமைன் ஆகியிருந்தால் மட்டும் அவ்வளவு எளிதில் போகாது. அத்தகைய ஐயம் எழும்போது மீன் கடைகளில் குளோரின் நீக்கி என்று விற்கும் சோடியம் தயோசல்பேட் கரைசலை அளவு பார்த்துச் சேர்க்க வேண்டியிருக்கும். அது விடுவிக்கும் அம்மோனியாவை வடிகட்டி பார்த்துக்கொள்ளும். ஆழ்துளை நீருக்கும் இந்த ஓய்வு வேண்டும். நிலத்தடியிலிருந்து வரும்போது அதில் ஆக்சிஜன் குறைவாகவும் கரியமில வாயு மிகுதியாகவும் இருக்கும்; இரும்புச்சத்து இருந்தால், காற்றுப் பட்டதும் செம்பழுப்பு வண்டலாகப் படியும். அந்த வண்டல் மீன்தொட்டியில் படிவதைவிட டிரம்மின் அடியில் படிவது மேல். வெளியேறும் குழாயை டிரம்மின் அடியில் பொருத்தாமல், அடியிலிருந்து நான்கு விரற்கடை மேலே பொருத்துவதற்கு இதுவே காரணம்.

டிரம் கறுப்பாகவோ அடர்நீலமாகவோ, ஒளி புகாததாக இருந்தால் பாசி பிடிக்காது. ஆனால், அந்த நிறமே சித்திரை வெயிலில் நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோவது போலச் சூடாக்கிவிடும். வெந்நீரில் ஆக்சிஜன் குறைவு. அம்மோனியாவின் நச்சும் வெப்பம் ஏற ஏறக் கூடும். எனவே டிரம்முக்கு மேல் ஒரு கீற்றுக் கொட்டகையாவது போட வேண்டும். விடியற்காலையில் சொட்ட விட வேண்டும். மூடியைச் சுற்றி நைலான் வலை கட்டாயம். தேங்கிய நல்ல நீரில்தான் டெங்குக் கொசு முட்டையிடுகிறது என்பதால், கொசுப்புழு ஆய்வுக்கு வரும் பணியாளர்கள் மாடிக்கும் ஏறிப் பார்ப்பார்கள். மீன் வளர்க்கும் வீட்டில் கொசுப்புழு கிடைத்தால் அதைவிட வெட்கம் வேறில்லை.

டிரம்மிலிருந்து தொட்டிக்கு நீரைக் கொண்டுவர நம் பகுதியிலேயே கிடைக்கும் சொட்டுநீர்ப் பாசனப் பொருள்கள் போதும். வாழைக்கும் கரும்புக்கும் தென்னைக்கும் போடுகிற அதே 16 மி.மீ. கறுப்புக் குழாய், அதே 4 லிட்டர் சொட்டுவான்கள். ஆனால், சொட்டுவானின் மேல் மணிக்கு 4 லிட்டர் என்று எழுதியிருப்பதை அப்படியே நம்பிவிடக் கூடாது. அது ஏறத்தாழ 10 மீட்டர் உயர நீரின் அழுத்தத்துக்குச் சொன்ன அளவு. மாடி டிரம்முக்கும் தொட்டிக்கும் இடையே 3 மீட்டர் உயரம்தான் இருக்கிறதென்றால், சாதாரணச் சொட்டுவானில் மணிக்கு 2.2 லிட்டர் அளவே வரும். ஏனெனில், ஓட்டம் அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. அழுத்தம் ஈடுசெய்யும் வகையைச் சேர்ந்த விலை கூடிய சொட்டுவான்கள் இவ்வளவு குறைந்த அழுத்தத்தில் ஒழுங்காக வேலை செய்வதில்லை. அவற்றை வாங்க வேண்டாம். மூன்றடி நீளம், ஓரடி அகலம், ஒன்றேகால் அடி உயரமுள்ள தொட்டியில் கல்லும் மேல் இடைவெளியும் போக ஏறத்தாழ 90 லிட்டர் நீர் நிற்கும். நாளுக்கு அதில் பத்தில் ஒரு பங்கான 9 லிட்டர் விட, ஒரு சொட்டுவான் நான்கு மணி நேரம் சொட்டினால் சரியாக இருக்கும். பல தொட்டிகளை அடுக்கி வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். டிரம் 3 மீட்டர் உயரத்தில் இருந்து, மேல்தட்டுக்கும் கீழ்த்தட்டுக்கும் ஒரு மீட்டர் வேறுபாடு இருந்தால், கீழ்த் தொட்டிக்கு 15 விழுக்காடு நீர்தான் கூடுதலாகப் போகும், பொருட்படுத்த வேண்டியதில்லை. டிரம்மை அறைக்குள்ளேயே ஸ்டாண்டுக்கு அரை மீட்டர் மேலே வைத்தாலோ, கீழ்த் தொட்டிக்கு மேல் தொட்டியைப் போல ஒன்றே முக்கால் மடங்கு நீர் போய்விடும். ஆகவே டிரம் மாடியில் இருப்பதே மேல். எதுவானாலும் ஒவ்வொரு சொட்டுவானின் கீழும் அளவுக்குவளையை ஒரு மணி நேரம் வைத்து அளந்துவிடுவது நல்லது. சொட்டுவானுக்கு முன்னால் வலை வடிகட்டி ஒன்று இல்லாவிட்டால் வண்டலும் பாசியும் அடைத்துக்கொள்ளும்.

இந்த ஏற்பாட்டின் பெரும் பலன், பழுது நேரும்போதுதான் தெரியும். நேரடி இணைப்பில் வால்வு திறந்தபடியே சிக்கிக்கொண்டால், அரையங்குலக் குழாய் நிமிடத்துக்குப் பல லிட்டர் வீதம் இரவெல்லாம் குளோரின் நீரைக் கொட்டும். காலையில் மீனும் இருக்காது, தரையும் காயாது. டிரம் முறையில் வால்வு மூடாமல் எட்டு மணி நேரம் நின்றுபோனாலும், ஐந்து சொட்டுவான்கள் வழியே 88 லிட்டர்தான் வந்திருக்கும். தொட்டி ஒன்றுக்கு 18 லிட்டருக்கும் குறைவு. அதுவும் ஆறிய நீர். மீனுக்கு எந்தக் கேடும் இல்லை. மின்வால்வு வைப்பவர்கள், மின்சாரம் நின்றால் தானே மூடிக்கொள்ளும் வகையைக் கேட்டு வாங்க வேண்டும். சலவை இயந்திர வால்வு மலிவாகக் கிடைக்கிறதென்று அதைப் பொருத்துகிறவர்கள் இருக்கிறார்கள். அது சரியாகத் திறந்து மூடுவதற்கும் ஓரளவு நீரழுத்தம் வேண்டும் என்பதால், டிரம்மின் குறைந்த அழுத்தத்தில் ஏமாற்றக்கூடும். என்னைக் கேட்டால், காலையில் காப்பி போடும்போது திறந்து, பத்து மணிக்கு மூடும் சாதாரணப் பந்து வால்வே போதும். இதைத் தானியங்கி என்று சொல்லலாமா என்று சிலர் நகைக்கலாம். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தபோது, நாகப்பட்டினம், திருவாரூர் மாவட்டங்களிலும் பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கமும் மின்சாரமின்றிப் பல நாள்கள் கழிந்தன. மேலிருந்து கீழே சொட்டும் நீருக்கு மின்சாரம் வேண்டியதில்லை என்பதை அங்கே இருந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

உள்ளே வரும் வழி இப்படியென்றால், வெளியேறும் வழி அதைவிட அகலமாக இருக்க வேண்டும். தொட்டியின் பின்கண்ணாடியில் வைரத்தூள் துளைப்பான் கொண்டு துளையிட்டு, முக்கால் அங்குல பி.வி.சி. இணைப்பைப் பொருத்தி, நீர்மட்டம் எங்கே நிற்க வேண்டுமோ அங்கே அதன் வாயை வைத்தால், மேலே வரும் நீர் தானே வழிந்துவிடும். டஃபன்டு எனப்படும் வலுவூட்டிய கண்ணாடியில் துளையிட முயன்றால் கண்ணாடி முழுவதும் நொறுங்கிவிடும். கடைக்காரரிடம் கேட்டுத் தெளிந்த பிறகே கருவியை எடுக்க வேண்டும். துளையிடாமல், விளிம்பின் மேலே வளைந்து செல்லும் சைஃபன் குழாயைப் பரிந்துரைக்கிறவர்களும் உண்டு. அதன் மேல்வளைவில் காற்றுக்குமிழி சேர்ந்து ஓட்டம் நின்றுவிட்டால் தொட்டி நிரம்பி வழியும். அதை நம்பி வெளியூர் போகக் கூடாது. வழியும் வாயைச் சுற்றி, மேலும் கீழும் திறந்த அகலமான குழாய்த் துண்டு ஒன்றை, அதன் மேல்வாய் நீர்மட்டத்துக்கு மேலும் கீழ்வாய் தரையை ஒட்டியும் நிற்கும்படி செருகினால், மேற்பரப்பு நீருக்குப் பதிலாக அடிநீர் வெளியேறும். அப்போதும் கல்லுக்கு இடையே தங்கும் கழிவை அவ்வப்போது கையால் உறிஞ்சி எடுக்கத்தான் வேண்டும்.

இடத்தை மிச்சப்படுத்த, ஒரு தொட்டியிலிருந்து வழிவதை அடுத்த தொட்டிக்குள் விடுவதைச் சிலர் வீடுகளில் பார்க்கிறேன். நோய் பரவ அதைவிட எளிய வழி கிடையாது. ஒவ்வொரு தொட்டிக்கும் தனிச் சொட்டுவானும் தனி வடிகாலும் வேண்டும். ஒரே டிரம்மிலிருந்து நீர் வாங்கும் மீன்களும் ஒத்த இயல்பினவாக இருக்க வேண்டும்: கப்பியும் மோலியும் நம் ஊர்க் கடின நீரில் செழிக்கும், டிஸ்கஸ் மென்னீரை விரும்புவது.

நீண்ட நாளாக நீர் மாற்றாமல், ஆவியானதை மட்டும் நிரப்பி வந்தவர்கள் இந்த முறைக்கு மாறும்போது நிதானம் வேண்டும். ஆவியாகிப் போவது நீர் மட்டுமே; உப்பு அப்படியே தங்கிவிடும். நாளுக்கு 10 லிட்டர் விட்டு, அதில் 2 லிட்டர் ஆவியாகி 8 லிட்டர் வழியும் தொட்டியில், உப்பின் செறிவு குழாய் நீரில் இருப்பதைப் போல ஒன்றேகால் மடங்கில் நின்றுவிடும். வழியவே விடாமல் நிரப்பிக்கொண்டே இருந்தாலோ அதற்கு எல்லையே இல்லை. மேலும், பழைய நீர் நாளடைவில் அமிலத்தன்மை அடைகிறது. அந்த நிலையில் அம்மோனியா பெரும்பாலும் அம்மோனிய அயனியாக, அவ்வளவாகத் தீங்கு செய்யாமல் இருக்கும். காரத்தன்மையுள்ள ஆழ்துளை நீரைத் திடீரென்று மிகுதியாக விட்டால், அது நச்சு அம்மோனியாவாக மாறி ஒரே இரவில் மீன்களைக் கொல்லும். நல்ல நீர் விட்டும் மீன் செத்துப்போயிற்றே என்று பலர் வியப்பதற்கு இதுவும் ஒரு காரணம். முதல் சில வாரங்களில் நாளுக்கு நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கு என்று தொடங்கி, மெல்லக் கூட்ட வேண்டும்.

வெளியேறும் நீரைப் பற்றிக் கட்டுரை ஒரு வரியும் சொல்லவில்லை. நைட்ரேட் சேர்ந்த அந்த நீர் வாழைக்கும் கீரைக்கும் நல்ல உரம்; என் வீட்டில் அது கொல்லைப்புறத்துப் பாத்திக்குப் போகிறது. மீனின் நோய்க்காக உப்பிட்ட காலத்தில் மட்டும் செடிகளுக்கு விடாமல் தனியே வடிக்க வேண்டும். ஆனால், எந்தக் காலத்திலும் வடிகாலை வாய்க்காலோடு இணைக்கக் கூடாது. மயிலாடுதுறை, கும்பகோணம் போன்ற ஊர்களில் வீட்டுக்குப் பின்னால் ஓடும் வாய்க்கால் ஆற்றோடும் குளத்தோடும் வயலோடும் சேர்வது. தானாக வழியும் குழாயில், கண்ணில் படாத மீன்குஞ்சும் நத்தை முட்டையும் செடித்துண்டும் நாள்தோறும் வெளியேறிக்கொண்டிருக்கும். டேங்க் கிளீனர் என்று கடைகளில் விற்கும், உறிஞ்சுவாய் கொண்ட தென்னமெரிக்கக் கெளுத்தி, இப்படி வீட்டுத் தொட்டிகளிலிருந்து வெளியேறியே தமிழகத்தின் நீர்நிலைகளில் பெருகிவிட்டது. வலையைக் கிழிக்கும் முள்ளும், யாரும் உண்ண விரும்பாத உடலுமாக அது மீனவருக்குப் பெருந்தொல்லை. வழியும் வாயில் நுண்வலை கட்டி, நீரை மண்ணில் விட்டால் இந்தக் கேடு நம் வீட்டிலிருந்து போகாது. நாகப்பட்டினத்தில் மீன்வளப் பல்கலைக்கழகம் இருக்கிறது. வீட்டில் மீன் வளர்ப்போருக்கு இது குறித்துத் தமிழில் ஒரு பக்கத் துண்டறிக்கை வெளியிட்டுக் கடைகள் வழியே கொடுத்தால் நல்லது.

இறுதியாகத் தங்களிடமும் ஒரு வேண்டுகோள். மேட்டூர் அணையின் நீர்மட்டத்தை நாள்தோறும் வெளியிடுகிறீர்கள். டெல்டாவில் அதைப் பார்க்காமல் பக்கத்தைப் புரட்டுகிறவர் இல்லை. அதற்குக் கீழே, கலங்கலின் காரணமாகக் குடிநீரில் குளோரின் அளவைக் கூட்டும் நாள்களையும், குடிநீர்த் திட்டத்தின் நீர் ஆதாரம் மாறும் நாள்களையும் உள்ளாட்சி அமைப்புகளிடம் கேட்டு இரண்டு வரியில் வெளியிட இயலுமா? மீன் வளர்ப்போர் அன்றைக்கு டிரம்மை நிரப்பாமல் காத்திருப்பார்கள். வீட்டில் சிறுநீரக நோய்க்கு டயாலிசிஸ் செய்துகொள்வோர் இருப்பின், நீரிலுள்ள குளோரினை நீக்கியே பயன்படுத்த வேண்டியிருக்கும் அவர்களுக்கு இச்செய்தி எங்களைவிடவும் முக்கியமானது. உள்ளாட்சி அலுவலகங்களில் இதற்கான பதிவேடு இருக்கவே செய்யும். கேட்டால் கொடுப்பதில் சிரமம் இராது என்று நம்புகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்,
மயிலாடுதுறை.